கிளாக்கரய்யா வீட்டுக்குப் போகாத கம்பி

ராசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சுகம் விசாரித்து நாலு வரி, கொழும்பு மழையைப் பற்றி இரண்டு வரி. கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து ஒரே ஒரு வரி: கிளாக்கரய்யா மகள் மரகதத்தை எனக்குக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கும் இஷ்டம்தான் என்று நினைக்கிறேன். அந்த வரியை உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் எனக்கு மூன்று வயதில் நீ இருந்தாய், அதனால் கல்யாணத்துக்கு அவசரப்படாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். மரகதம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு வேலை வைத்தாள். அந்த வேலைதான் இந்தக் கடிதம். நீ இதைப் படித்துவிட்டு என்ன எழுதுகிறாய் என்பதில்தான் உன் கல்யாணம் நிற்கிறது. உன் அறையில் கூட இருக்கிற பையன்கள் படித்தாலும் பரவாயில்லை, படிக்கட்டும். அவர்களும் ஒரு நாள் வீடு எடுப்பார்கள், கரண்டுக் கந்தோர் வாசலில் லைட் கேட்டுப் போய் நிற்பார்கள்.

நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஏன் பேச்சில்லை என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் சொன்னதுதான் உனக்குத் தெரியும். நம் காசில் வந்த கம்பத்தில் அவர் இலவசமாகத் தொங்கப் பார்த்தார், நான் விடவில்லை. இவ்வளவுதானே? ஐந்து வருசமாக நானும் இதையே சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. பொய்யைத் தூக்கிக்கொண்டு நடப்பது அம்பிட்டிய மேட்டில் காற்றுப் போன சைக்கிளைத் தள்ளுவது மாதிரி. யாரும் தள்ளச் சொல்லவில்லை. இறக்கி வைக்கவும் மனம் வராது.

முதலிலிருந்து சொல்கிறேன். கரண்டுக் கந்தோரின் சட்டம் ஒன்றும் சிக்கலானது இல்லை. பெரிய ரோட்டில் கம்பி ஓடுகிறது. உன் வீடு ரோட்டோரத்தில் இருந்தால், மீட்டருக்கு ஒரு முன்பணம், கம்பி இழுக்க ஒரு கூலி, அதோடு முடிந்தது. வீடு உள்ளே தள்ளி இருந்தால் அங்கே வரைக்கும் நடுகிற ஒவ்வொரு கம்பமும், அதன் கம்பியும், குழி தோண்டுகிற கூலியும் கேட்டவன் தலையில். கட்டிய பிறகும் கம்பம் உன்னுடையது ஆகாது, கந்தோருடையதுதான். நம் ஒழுங்கை ரோட்டிலிருந்து இறங்குகிற ஒடுக்கமான சந்து. நம் வீட்டுக்கு மூன்று கம்பம். நம்மைத் தாண்டி வளைந்து கீழே இறங்கினால் கிளாக்கரய்யா வீடு, அதற்கு இன்னும் ஒன்று. ஆக, யார் முதலில் கேட்கிறானோ அவன் மூன்றுக்கும் கட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நம் ஒழுங்கையில் வருசக்கணக்காக யாரும் கேட்கவில்லை. மேல் வீட்டுக்காரன் கேட்பான் என்று கீழ் வீட்டுக்காரனும், கீழ் வீட்டுக்காரன் கேட்பான் என்று மேல் வீட்டுக்காரனும், எல்லாரும் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

எனக்குக் காத்திருக்க வராது. அது உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பை எடுத்தார், நான் புத்தகப் பையை எடுத்தேன், அதோடு படிப்பு முடிந்தது. கலஹாவில் தோட்டத்தில் நிற்கவில்லை, லொறியில் நிற்கவில்லை, தேயிலைப் பெட்டி அடிக்கிற இடத்தில் மூன்று மாசம் நிற்கவில்லை. சைக்கிள் கடை மட்டும் நின்றது, சைக்கிள் ஓடிக்கொண்டே இருப்பதால் இருக்கலாம். டவுனில் கடைக்கு லைட் இருந்தது. ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மேடேறி வந்தால் வீட்டில் லாம்பு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ பின்னால் போய்விட்ட மாதிரி இருக்கும்.

அப்போதுதான் கிளாக்கரய்யா ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். தோட்டத்து ஆபீஸில் முப்பது வருசம் பெரிய கிளாக்கராக இருந்துவிட்டு, வேலையை விட்டு இறங்கி, நம் ஒழுங்கையில் அந்தச் சின்ன வீட்டை வாங்கி வந்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கம்பச் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம், கந்தோரிலேயே அதற்கு வழி இருக்கிறது என்றார். தோட்டத்திலிருந்து தனக்கு வர வேண்டியது பங்குனியில் வந்துவிடும், அதுவரை பொறுக்கச் சொன்னார். உன் அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். அப்போது மார்கழி. மூன்று மாசம். நான் யோசிப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே கடைச் சாமானுக்கு வைத்திருந்த காசைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். அவசரம் மட்டும் காரணம் இல்லை, ராசு. பாதிக் காசு போட்டால் பாதிப் பெயர்தான் வரும். ஒழுங்கையில் முதல் லைட் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. படிக்காதவன் வீட்டில் முதலில் எரிய வேண்டும், முப்பது வருசம் இங்கிலீஷ் எழுதினவர் வீட்டில் பிறகு எரியட்டும்.

கந்தோரில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் நல்லவன்தான், விளக்கிச் சொல்லட்டுமா என்று கேட்டான். வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாய். உன்னிடமும் காட்டவில்லை. மகனிடம் வாசிக்கக் கொடுத்தால் மகனுக்கும் தெரிந்துவிடுமே. பேப்பரை டிரங்குப் பெட்டிக்கு அடியில், கல்யாண வேட்டிக்குக் கீழே வைத்தேன்.

லைட் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எல்லாரும் வந்து நின்று பல்பைப் பார்த்தார்கள். கிளாக்கரய்யாவும் வந்தார். "நல்லாருக்கு தம்பி" என்றார். பங்குனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அடுத்த வருசம் அவர் தனியாக எழுதிக் கொடுத்தார். கந்தோர் ஓவசியர் அளந்து பார்க்க வந்தார். கம்பி நம் வாழைப் பக்கத்து மூலையில் திரும்பிக் கீழே இறங்க வேண்டும். திரும்புகிற இடத்தில் கம்பம் சாயாமல் இருக்க ஒரு இழுவைக் கம்பி கட்டி நம் மண்ணில் இறக்க வேண்டும். ஒரு முழ இடம், அவ்வளவுதான். அதற்கு என் கையெழுத்து வேண்டும். நான் ஓவசியரிடம் கேட்ட முதல் கேள்வி, கீழ் வீட்டுக்காரர் எத்தனை கம்பத்துக்குக் கட்டுகிறார் என்பது. ஒரு கம்பம் என்றார். ஏதோ மேலேயும் சொல்ல வந்தார். அதற்குமேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. மூன்று கம்பம் நான், ஒரு கம்பம் அவர், வெளிச்சம் இரண்டு வீட்டுக்கும் ஒன்று. கடைக்குச் சாமான் வாங்கக் காசில்லாமல் ஏழு மாசம் பழைய டயரை ஒட்டி ஒட்டிச் சைக்கிளை வாடகைக்கு விட்டவன் நான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி ஓவசியரை அனுப்பிவிட்டேன்.

அன்று மாலையே கிளாக்கரய்யா வந்தார். நீயும் முற்றத்தில் நின்றாய். ஒழுங்கையில் பாதிப் பேர் நின்றார்கள். அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க கையெழுத்துப் போட்ட அந்தப் பேப்பரக் கொண்டாங்க. நான் வாசிச்சுச் சொல்றேன். அதுல உங்களுக்கு நல்லது இருக்கு."

நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஊருக்குச் சொல்ல வந்தீங்களா, இல்ல ஓசிக் கரண்டு கேக்க வந்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஓசிக் கரண்டு என்ற பெயர் அன்றோடு அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது. வேறு வழியாகக் கம்பி கொண்டுபோகலாம் என்றால் கீழ்ப்பக்கம் சுற்றி வர வேண்டும், ஆறேழு கம்பம் ஆகும். அவரால் முடியாது. அது எனக்கும் தெரியும்.

நீ செய்த ஒன்றையும் மரகதம் எழுதச் சொல்லியிருக்கிறாள், எழுதுகிறேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மரகதம் கடையிலிருந்து லாம்புச் சிம்னி ஒன்றைத் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீ நம் படலைக் கதவில் சாய்ந்து நின்று, "என்ன மரகதம், ஓசிக் கரண்டு கெடைக்கலையா, சிம்னி வாங்கிட்டுப் போற?" என்றாய். உனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பதினாறு. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிம்னி உடைந்துவிடும் என்று கீழே பார்த்துப் பார்த்து இறங்கினாள். நீ மறந்திருப்பாய். நான் முற்றத்தில் செயின் துடைத்துக்கொண்டு இருந்தேன், கேட்டேன், சிரித்தேன். அந்த வார்த்தை என்னுடையது. உன் வாயில் வைத்தவன் நான்.

கிளாக்கரய்யா வீட்டு விறாந்தையில் மாலையில் அவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார், நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கரண்டு வருவதற்கு முன்னால் நானும் போவேன், உனக்குத் தெரியாது. எங்கேயோ நடக்கிற சண்டை, தேயிலை விலை, யாரோ ஒருவர் ஆகாயக் கப்பலில் கடலைத் தாண்டியது, எல்லாம் அவர் வாயால்தான் எனக்குத் தெரியும். சண்டைக்குப் பிறகு நான் போகவில்லை. கொஞ்ச நாளில் அவர் கண்ணில் பூ விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் அறுத்தார்கள். அதற்குப் பிறகு லாம்பு வெளிச்சம் அவருக்குப் போதவில்லை. பகலில் வாசிக்கலாம், ஆனால் பகலில் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? வாசிப்பு நின்றது. மேலே நம் வீட்டில் பல்பு எரிந்தது. விட்டில்தான் வந்து சுற்றியது. ஆள் வரவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பகுதி. இரண்டு வருசத்துக்கு முன்னால் மீட்டர் பார்க்கிற ஒருவர் டவுனில் கடைக்கு வந்தார், பின் டயர் பஞ்சர். ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். உங்கள் சட்டம் அநியாயம், முதலில் கட்டினவன் மடையன், பின்னால் வருகிறவன் கெட்டிக்காரன் என்று என் பழைய பாட்டைப் பாடினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படி இல்லையே என்றார். ஐந்து வருசத்துக்குள் அதே கம்பத்திலிருந்து இன்னொருவர் கம்பி எடுத்தால், முதலில் கட்டினவருடைய செலவில் ஒரு பங்கை அவரிடம் வாங்கி முதல் ஆளுக்குத் திருப்பிக் கொடுக்கிற சட்டம் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரிலேயே இருக்குமே என்றார். அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இலக்கம் தெரியும். இரண்டாம் பக்கத்தில் நடுவில் ஐந்து இருந்தது.

யோசித்துப் பார். கிளாக்கரய்யா ஒரு கம்பத்துக்கு மட்டும் கட்ட வரவில்லை. அந்த ஒரு கம்பத்தோடு, என் மூன்று கம்பத்தில் தன் பங்கையும் கட்டச் சம்மதித்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓவசியர் சொல்ல வந்தது அதுதான். கிளாக்கரய்யா முற்றத்தில் வந்து நின்று வாசித்துச் சொல்கிறேன் என்றது அதுதான். முதல் ஆளுக்கு நட்டம் வரும் என்று கந்தோர்காரன் எனக்காக யோசித்து எழுதி வைத்திருக்கிறான். நான் ஒரு முழ மண்ணைக் கொடுத்திருந்தால் என் காசு என் கைக்கு வந்திருக்கும், அவருக்கு வெளிச்சம் கிடைத்திருக்கும். மறித்தது நான். இரண்டு பேருக்கும் மறித்தேன்.

அன்றைக்கே கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். ஐந்து வருசம் முடிய இன்னும் ஒரு வருசம் இருந்தது. எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். போகவில்லை. ஓசிக் கரண்டு என்று ஊரெல்லாம் சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? நாளைக்குப் போகலாம், தீபாவளிக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம். காத்திருக்கத் தெரியாத நான் அதற்கு மட்டும் நன்றாகக் காத்திருந்தேன். அந்த ஒரு வருசமும் ஓடிப்போனது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் பழைய கதையையே உனக்கும் சொன்னேன். முதலில் மறித்தது முட்டாள்தனம். தெரிந்த பிறகு பேசாமல் இருந்தது அப்படி இல்லை. அதற்கு வேறு பெயர் உண்டு, அதை நீயே வைத்துக்கொள்.

உன் ஓரத்து வரி வந்த அன்று இரவு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண் கேட்கப் போக வேண்டுமே, தட்டு எடுத்து வை என்றேன். முதலில் நீங்கள் தனியாகப் போய்விட்டு வாருங்கள், அந்தப் படி இறங்குவதற்குக் கால் இருக்கிறதா என்று பார்க்கிறேன், பிறகு நான் தட்டோடு வருகிறேன் என்றாள். சனிக்கிழமை கந்தோருக்குப் போய் இழுவைக் கம்பிக்கு இடம் கொடுக்கிற பேப்பரை வாங்கினேன். ஞாயிறு காலையில் அதையும் பழைய பேப்பரையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

கிளாக்கரய்யா விறாந்தையில் இருந்தார். நேற்றும் வந்து போனவனிடம் சொல்வது மாதிரிச் சொன்னார். "வாங்க தம்பி. அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்க."

நான் உட்காரவில்லை. இழுவைக் கம்பிக்கு இடம் தருகிறேன், கையெழுத்துப் போட வந்தேன், அதோடு ராசு விசயமாகவும் என்று இழுத்தேன்.

"இருங்க. இப்ப நீங்க வந்தது கம்பத்துக்கா, பொண்ணுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க தம்பி. எம்மவ ஒரு மொழ மண்ணுக்கு மாத்து இல்ல."

புதுப் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பழைய பேப்பரை எடுத்தேன். இதை வாசித்துச் சொல்லுங்கள் என்றேன். ஆறு வருசத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அவர் வாங்கி முகத்துக்குக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், முற்றத்து வெயிலுக்குத் திருப்பினார். எழுத்துப் பொடியாக இருந்தது. பிறகு உள்ளே பார்த்து மரகதத்தைக் கூப்பிட்டார்.

அவள் நிலையில் சாய்ந்து நின்று வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். இரண்டாம் பக்கம் நடுவில் வந்ததும் நிறுத்தினாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமாச்சும்மா."

"அவருக்குத் தெரியுமா?"

உனக்குத் தெரியாது என்றேன். அவள் பேப்பரை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "எழுதுங்க. ஒண்ணும் விடாம எழுதுங்க. அந்தச் சிம்னியயும் சேத்து எழுதுங்க. தெரிஞ்ச பெறகும் கேக்குறாரான்னு பாப்போம். என்ன கேக்குறாருன்னும் பாப்போம்." சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கிளாக்கரய்யா அந்தப் பக்கத்தையே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். ஐந்து வருசம் போன வருசத்தோடு முடிந்துவிட்டதே, இனி உங்களுக்குப் பங்கு கிடையாதே தம்பி, நான் ஒற்றைக் கம்பத்துக்குக் கட்டினால் போதுமே என்றார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கிற்று.

"அப்ப, இப்பத்தான் நான் நெசமாவே ஓசிக் கரண்டு."

எனக்கு அழுகை வந்தது. சிரித்துச் சமாளித்தேன். புதுப் பேப்பரை எடுத்தேன். அவர் பேனாவைத் தரவில்லை. மரகதத்தை மறுபடி கூப்பிட்டு அதையும் முழுக்க வாசிக்கச் சொல்லி, எனக்குப் புரிந்ததா என்று கேட்டு, புரியாத இரண்டு இடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லி, அதற்குப் பிறகுதான் பேனாவைத் தந்தார். பெண் விசயத்துக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார், அதற்கென்றே வர வேண்டும் என்றார்.

இன்று காலையில் கந்தோர் ஆட்கள் வந்து வாழை மூலையில் குழி தோண்டிவிட்டுப் போனார்கள். ஒரு முழ இடம் என்று நான் சொன்னதுகூடக் கூடுதல். ஒரு வாழைக்கும் காயமில்லை. இதற்காகவா என்று உன் அம்மா குழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பக்கத்தில் போகவில்லை.

உனக்குச் சொல்ல எனக்குப் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை, ராசு. நாளைக்கு நீ ஒரு வீடு எடுத்துக் கரண்டு கேட்டு நிற்கும்போது, கூட எழுதுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் மூன்று மாசம் பொறு. தனியாகக் கட்டினாலும் கட்டு, பின்னால் வருகிறவனைக் கணக்குப் பார்க்காதே, அதைக் கந்தோர் பார்த்துக்கொள்ளும். ஒரு பேப்பர் புரியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று நாலு பேருக்கு முன்னால் சொல். அதைச் சொல்ல எனக்கு ஆறு வருசம் ஆயிற்று. நாற்பத்தொரு வயதில் அறுபது வயதுக்காரன் மாதிரி அலுத்துப் போயிருக்கிறேன்.

நீ என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். நான் சொல்லித் தந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் பதிலை எனக்கு எழுதாதே. கிளாக்கரய்யா வீட்டு விலாசத்துக்கு எழுது, தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. உன் கடிதம் வந்து சேருவதற்குள் அங்கே லைட் வந்திருக்கும். ஒரு மாலையில் நான் இறங்கிப் போய் அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். அவர் வாசிக்கட்டும், நான் கேட்கிறேன்.

உன் அப்பா